லாட்டு மகராஜின் மொழி

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் ஒருவர் வாய் திறந்து நான்கு வார்த்தை பேசினால் போதும். அவர் எந்த ஊரார், என்ன படித்தவர், வீட்டிற்குள் எந்த வாசல் வழியாக வருபவர் என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலச் சொற்கள் விரவிய வங்காளம் கல்லூரிப் படிப்பைக் காட்டும். சம்ஸ்கிருதம் நிறைந்த வங்காளம் பண்டிதரைக் காட்டும். இந்தியும் போஜ்புரியும் கலந்து தடுமாறுகின்ற வங்காளமோ, பிழைப்பைத் தேடிப் பீகாரிலிருந்து வந்த வேலையாளையோ, மூட்டை சுமப்பவரையோ, வாயிற்காவலரையோ காட்டும். இந்த மூன்றாவது வகை வங்காளத்தைத் தம் வாழ்நாளின் இறுதிவரை பேசியவர் சுவாமி அத்புதானந்தர்.

பக்தர்கள் அவரை லாட்டு மகராஜ் என்றே அறிவார்கள். ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடித் துறவிச் சீடர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர் ஒருவரே. அவரது தவத்தைப் பற்றியும், உறக்கமின்றி அவர் கழித்த இரவுகளைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய பேச்சு மற்றவர்களின் செவியில் எவ்வாறு விழுந்தது, அதைக் கொண்டு அவர்கள் அவரை எவ்வாறு எடைபோட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வேலைக்காரரின் குரல்

பீகாரின் சாப்ரா பகுதியில் ஆடு மேய்க்கும் ஏழைக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. பெற்றோர் இட்ட பெயர் ராக்துராம். ராமா, இந்தக் குழந்தையைக் காப்பாற்று என்ற வேண்டுதலே அந்தப் பெயர். ஐந்து வயது நிறைவதற்குள் பெற்றோர் இருவரையும் இழந்தார். சிறிய தந்தையார் வளர்த்தார். வறுமை அவரையும் ஊரை விட்டுத் துரத்தியபோது, சிறுவனை அழைத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே ராம்சந்திர தத்தர் என்ற மருத்துவரின் வீட்டில் லாட்டுவுக்கு வேலை கிடைத்தது. கடைக்குப் போவது, எஜமானரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, அலுவலகத்திற்குச் சிற்றுண்டி எடுத்துச் செல்வது என்று நாட்கள் கழிந்தன.

ஒருநாள் ராம்சந்திரரின் நண்பர் ஒருவர், கடைக்குக் கொடுக்கும் காசில் லாட்டு ஏதேனும் எடுத்துக்கொள்வதுண்டா என்று கேட்டுவிட்டார். கேட்டவருக்கு லாட்டுவின் ஒழுக்கத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அயலூர்ப் பேச்சு பேசும் ஒரு வேலைக்காரச் சிறுவன் என்பது மட்டுமே தெரியும். ஐயம் எழுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. பாதி இந்தியும் பாதி வங்காளமுமான தம் மொழியில், தாம் வேலைக்காரரே தவிரத் திருடர் அல்ல என்று லாட்டு உடனே பதில் சொன்னார். அந்தப் பதிலில் இருந்த உறுதி நண்பரைச் சினமூட்டியது. அவர் ராம்சந்திரரிடம் முறையிட்டார். ராம்சந்திரர் தம் வேலையாளின் பக்கமே நின்றார். உடைந்த மொழியில் சொல்லப்பட்டாலும் உண்மை உண்மையே என்பதை அவர் அறிந்திருந்தார்.

வங்காள மொழியிலும் தமிழைப் போலவே மரியாதைக்குப் படிகள் உண்டு. பெரியவர்களை 'ஆப்னி' என்றும், ஒத்தவர்களைத் 'துமி' என்றும் அழைப்பார்கள். 'துய்' என்பது கடைசிப் படி. வீட்டு வேலையாட்களுக்கு உரியது அதுவே. லாட்டு தம் இளமையில் அதிகம் கேட்ட சொல்லும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தாய் தன் குழந்தையை அழைப்பதும் அதே சொல்லால்தான். இந்த இரண்டாவது 'துய்'யைக் கேட்க அவர் தட்சிணேசுவரம் செல்ல வேண்டியிருந்தது.

ராம்சந்திரர் அப்போதுதான் குருதேவரின் தொடர்பைப் பெற்றிருந்தார். அங்கே கேட்டவற்றை வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்வார். இறைவன் மனத்தையே பார்க்கிறான், ஒருவன் யார், எங்கே இருக்கிறான் என்பதைப் பார்ப்பதில்லை என்று அவர் சொன்னது, வேலைக்கு நடுவே நின்ற லாட்டுவின் காதிலும் விழுந்தது. அது வேறு யாருக்கோ சொல்லப்பட்ட பேச்சு. ஆனால் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டவர் லாட்டுதான். போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் கண்ணீர் சிந்துவதை வீட்டுப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். ஊர் நினைவு வந்து அழுவதாகவே அவர்கள் எண்ணினார்கள்.

முதல் எழுத்தோடு நின்ற கல்வி

1880-ஐ ஒட்டி லாட்டு முதன்முறையாகத் தட்சிணேசுவரம் சென்றார். 1881-இல் குருதேவரின் பணிவிடையாளராக அங்கேயே தங்கிவிட்டார். துறவிச் சீடர்களாகப் பின்னாளில் புகழ்பெற்றவர்களுள் முதலில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், பள்ளியின் வாசலையே மிதிக்காத இந்த இளைஞர்.

குருதேவர் அவருக்கு எழுத்துக் கற்பிக்க முயன்றார். வங்காள நெடுங்கணக்கின் முதல் மெய்யெழுத்தைக் காட்டிச் சொல்லச் சொன்னார். வங்காளியர் அதை ஏறக்குறைய 'கோ' என்பதுபோல் ஒலிப்பார்கள். லாட்டுவின் நாக்கிலோ அது 'கா' என்றே வந்தது. குருதேவர் திருத்தினார், மீண்டும் 'கா'. அடுத்த எழுத்தும் அப்படியே. முதல் எழுத்தையே இப்படி நீட்டினால், அதற்கு நெடில் குறி சேரும்போது என்ன சொல்வாய் என்று கேட்டுக் குருதேவர் சிரித்தார். சில முறை முயன்ற பிறகு, அன்றைய பாடம் போதும் என்று விட்டுவிட்டார். லாட்டுவின் ஏட்டுக்கல்வி அதோடு முடிந்தது.

இது ஒரு வேடிக்கைக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. குருதேவர் எதை விட்டார், எதை விடவில்லை என்பதைக் கவனித்தால் இது வேடிக்கை மட்டுமன்று என்பது விளங்கும். உச்சரிப்பைத் திருத்துவதை விட்டவர், மாலை வேளையில் உறங்கிய லாட்டுவைக் கண்டிப்பதை விடவில்லை. அந்நேரத்தில் உறங்கினால் தியானம் எப்போது செய்வாய் என்று கேட்டார். அன்றிலிருந்து லாட்டு இரவு உறக்கத்தையே துறந்தார். மற்றொரு நாள் லாட்டு தியானத்தில் அமர்ந்திருந்தார். நகபத்தில் அன்னை ஸ்ரீசாரதாதேவியார் துணைக்கு ஆளின்றி மாவு பிசைந்துகொண்டிருந்தார். நீ யாரை நினைத்துத் தியானிக்கிறாயோ அவர் அங்கே மாவு பிசைய ஆளில்லாமல் இருக்கிறார் என்று சொல்லிக் குருதேவர் அவரை எழுப்பி அனுப்பினார். எழுத்தறிவில் சலுகை காட்டிய ஆசிரியர், வாழ்க்கையில் சிறிதும் சலுகை காட்டவில்லை.

குருதேவரின் பேச்சும் நகரத்தாரின் அளவுகோலுக்கு உட்பட்டதன்று. அவர் பேசியது காமார்புகூர்க் கிராமத்து வங்காளம். அதில் இலேசான திக்கலும் உண்டு. லாட்டுவை அவர் 'லேட்டோ' என்பார். சில வேளைகளில் அதுவே 'நேட்டோ' ஆகிவிடும். லகரமும் னகரமும் இடம் மாறுவது நாட்டுப்புறத்து நாவுக்கு இயல்பு. லாட்டுவும் தம் பங்கிற்கு நரேனை 'லோரேன்' என்றே கடைசிவரை அழைத்தார்.

பிரம்ம சமாஜத்தின் பிரதாப் சந்திர மஜும்தார் 1879-இல் குருதேவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். மேனாட்டுக் கல்வியில் ஊறிய தமக்கும் படிப்பறிவில்லாத இந்த எளிய பக்தருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது, தாம் ஏன் மணிக்கணக்கில் இவர் முன் அமர்ந்து கேட்கிறோம் என்று அவர் அதில் வியந்திருந்தார். தன் செவிப்பழக்கத்தைத் தானே கேள்வி கேட்ட நேர்மையான எழுத்து அது. ஆயினும் பின்னாளில் அதே மஜும்தார், குருதேவரின் சொற்களில் சில நாகரிகமற்றவை என்று குறை கூறினார். 1898-இல் வெளிவந்த தமது நூலில் மாக்ஸ் முல்லர் அந்தக் குற்றச்சாட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கிராமத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத சொல், நகரத்து வரவேற்பறையில் முகம் சுளிக்க வைத்தது. இத்தகைய குருவின் அருகில் லாட்டு தம் பேச்சைக் குறித்துக் கூச வேண்டிய தேவை எழவில்லை.

கல்லூரி மாணவர்களின் நடுவே

1886 ஆகஸ்ட் 16 அன்று குருதேவர் மறைந்தார். சிறிது காலம் அன்னையாருடன் பிருந்தாவனத்தில் தங்கிய பின், லாட்டு வராகநகர் மடத்தில் சேர்ந்தார். துறவறம் ஏற்றபோது நரேந்திரர் அவருக்கு அத்புதானந்தர் என்று பெயர் சூட்டினார். வியப்புக்குரிய ஒன்றை நரேந்திரர் அவரிடம் கண்டிருந்தார்.

அந்த மடத்தின் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். இடிந்த வீடு, சோற்றுக்குத் தட்டுப்பாடு. ஆனால் பேச்சோ கான்ட், ஹெகல், மில், ஸ்பென்சர், சாங்கரபாஷ்யம் என்று விரியும். அங்கிருந்த இளைஞர்கள் பலர் கல்லூரியில் பயின்றவர்கள். அவர்கள் நடுவே லாட்டு அமர்ந்திருப்பார், அல்லது ஒரு மூலையில் போர்வைக்குள் தியானத்தில் ஆழ்ந்திருப்பார். பலமுறை அழைத்தும் உணவுக்கு எழாத அவருக்காகச் சசி மகராஜ் உணவை எடுத்துச் சென்று வைப்பார். 1897-இல் சென்னைக்கு வந்து மடத்தை நிறுவிய சுவாமி ராமகிருஷ்ணானந்தரே அவர்.

நரேந்திரர் விளையாட்டாக அவரைப் 'பிளேட்டோ' என்று அழைப்பதுண்டு. லாட்டு என்ற ஒலியிலிருந்து பிறந்த கேலி அது. எனினும் கேலியை விட அதில் கணிப்பே மிகுதி. தாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு கல்வியோடு வந்தவர்கள், தியானம் சலித்தால் படிப்பில் மனத்தைத் திருப்ப முடிந்தது, லாட்டுவுக்கோ ஒன்றைத் தவிர வேறு பிடிப்பே இல்லை, அந்த ஒன்றைக் கொண்டே அவர் எட்டிய நிலை குருதேவரின் ஆகப் பெரிய அற்புதம் என்பது சுவாமிஜியின் கருத்து. சுவாமி துரியானந்தரின் ஒப்புமை இன்னும் சுருக்கமானது: மற்றவர்கள் அறிவுவாதச் சேற்று நீரைக் கடந்து கரையேற வேண்டியிருந்தது, லாட்டு அனுமனைப் போல் அதைத் தாண்டிவிட்டார்.

சிகாகோவில் 1893-இல் பேசி உலகின் கவனத்தைக் கவர்ந்த சுவாமிஜி 1897-இல் கல்கத்தா திரும்பினார். அவரது குரலையும் ஆங்கிலத்தையும் செய்தித்தாள்கள் புகழ்ந்திருந்தன. வரவேற்கத் திரண்ட கூட்டத்திலிருந்து லாட்டு விலகி நின்றார். வெள்ளையர்களோடு பழகிய லோரேன் தம்மை மறந்திருக்கக்கூடும் என்ற தயக்கம். சுவாமிஜி அவரைத் தேடிப் பிடித்தார். தான் அதே லோரேன் என்றும், லாட்டு தன் அதே லாட்டு சகோதரர் என்றும் சொல்லிக் கையைப் பற்றி அருகில் அமர்த்தி உண்ணச் செய்தார். லாட்டுவின் நாக்கு திரித்த பெயரையே அவர் தமக்குரிய பெயராகச் சொன்னார் என்பது சிறிய செய்திதான். ஆனால் அன்றைய கல்கத்தாவில் எளிதில் நடக்கக் கூடியதன்று.

அடுத்து வந்த பயணங்களில் ஒன்றில் இருவரும் காஷ்மீரில் ஒரு பழைய கோயிலைக் கண்டார்கள். அது இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகள் பழமையானது என்றார் சுவாமிஜி. எப்படித் தெரியும், எங்கே எழுதியிருக்கிறது என்று லாட்டு கேட்டார். காரணத்தை விளக்குவது கடினம், நீ படித்திருந்தால் முடியும் என்றார் சுவாமிஜி. லாட்டு சிறிதும் வாடவில்லை. என் போன்ற படிக்காதவனுக்குப் புரிய வைக்க முடியாத அளவில் இருக்கிறது உன் அறிவு என்ற பொருளில் அவர் திருப்பிச் சொல்ல, அங்கிருந்த அனைவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சுவாமிஜியும் சிரித்தார். பேச்சு விளங்காதபோது குறை எப்போதும் கேட்பவரிடமே இருக்கிறது என்று படித்தவர்கள் கருதுவதுண்டு. லாட்டு அதைச் சொல்பவரிடம் திருப்பி வைத்தார்.

மடத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு மணியடித்ததும் அனைவரும் தியானத்திற்கு வர வேண்டும் என்று சுவாமிஜி விதி வகுத்தபோதும் இதே நேர்மையைக் காணலாம். மணியோசை கேட்டவுடன் தியானத்தில் அமரும் அளவுக்குத் தம் மனம் வசப்படவில்லை என்று சொல்லி, லாட்டு மூட்டையைக் கட்டிப் புறப்பட்டுவிட்டார். உறக்கமற்ற துறவி சொன்ன காரணம் இது! விதி புதியவர்களுக்கே என்று சொல்லி சுவாமிஜி அவரை நிறுத்தினார்.

1900-இல் 'உத்போதன்' இதழுக்குச் சுவாமிஜி எழுதிய கடிதத்தில், பேசும் வங்காளத்திலேயே எழுத வேண்டும் என்றும், பண்டித நடை கற்றவருக்கும் மற்றவருக்கும் இடையே கடலை உண்டாக்கிவிட்டது என்றும் வாதிட்டார். கிராமத்துப் பேச்சில் வேதாந்தம் சொன்ன குருவையும், உடைந்த வங்காளத்தில் பேசிய சகோதரத் துறவியையும் அருகிருந்து கேட்டவரின் வாதம் அது.

பலராமரின் வீட்டில்

லாட்டு மகராஜ் மடத்தில் நிலையாகத் தங்கியதில்லை. கங்கைப் படித்துறைகளிலும், 'வசுமதி' அச்சகத்தின் அறை ஒன்றிலும் நாட்களைக் கழித்தார். ஊறவைத்த கடலையே பல நாள் உணவு. 1903-லிருந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பாக்பஜாரில் பலராம் போஸின் வீட்டில் வாழ்ந்தார். அங்கே அவரைக் காண மருத்துவர்களும், நீதித்துறையினரும், ஆசிரியர்களும், வேலையாட்களும் வந்து ஒன்றாக அமர்ந்தார்கள். வாதத்திற்கென்று வந்தவர்களுக்கு அவரது மௌனமே கிடைத்தது. சில வேளைகளில் கடுமையும் கிடைத்தது. இனிமையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போயிருக்கிறார்கள்.

அவரது சொற்களஞ்சியம் சிறியது. கடைத்தெரு, சமையலறை, எஜமானர், சம்பளம், அலுவலகம் ஆகியவையே அதன் எல்லை. அறியாத இறைவனிடம் எவ்வாறு அன்பு கொள்வது என்று ஒருவர் கேட்டார். தத்துவ மாணவன் பல பக்கங்கள் எழுதக்கூடிய கேள்வி இது. லாட்டு மகராஜ் அலுவலகத்தைச் சுட்டினார். அதிகாரியைப் பார்த்ததில்லை, எப்படிப்பட்டவர் என்பதும் தெரியாது. ஆயினும் அவர் பெயருக்கு விண்ணப்பம் எழுதி அனுப்புகிறோம், வேலை கிடைக்கிறது. இறைவனுடைய பெயர் தெரியுமல்லவா, அந்தப் பெயருக்கு விண்ணப்பம் அனுப்பு என்றார். கேட்டவர் காலையில் அலுவலகம் சென்று மாலையில் வருபவராக இருந்திருந்தால், நாம ஜபத்தின் தத்துவத்தை இதைவிடத் தெளிவாக அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

தமக்குப் படிக்கத் தெரியாததால் சாத்திரங்களைப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒருமுறை கடோபநிடதம் படிக்கப்பட்டது. முஞ்சைப் புல்லிலிருந்து தண்டை உருவுவதுபோல் ஆன்மாவை உடலிலிருந்து பொறுமையாகப் பிரித்தறிய வேண்டும் என்ற இடம் வந்ததும், அதுதான், அதேதான் என்று மகிழ்ந்து கூவினார். படித்தவருக்கு அது உவமை. ஆடு மேய்த்து வளர்ந்து, இரவெல்லாம் தியானத்தில் கழித்தவருக்கு உவமையின் இரு பக்கங்களும் நேரில் தெரிந்தவை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. படிக்காதவர் என்பதால் தாழ்வாக எண்ணுவது ஒரு பிழை. படிக்காதவர் என்பதாலேயே ஞானி என்று மயங்குவதும் அதற்குச் சற்றும் குறையாத பிழை. கொச்சை மொழியைப் புனிதத்தின் அடையாளமாகக் கொள்பவரும், அதை அறியாமையின் அடையாளமாகக் கொள்பவரைப் போலவே, சொன்னதை விட்டுவிட்டுச் சொன்ன விதத்தைத்தான் கேட்கிறார். அதே சாப்ராவிலிருந்து, அதே பேச்சோடு கல்கத்தாவுக்கு வந்தவர்கள் ஏராளம். லாட்டு மகராஜை வேறுபடுத்தியது மொழியன்று. கல்வி இல்லாமையும் அன்று. கேட்ட ஒரு வாக்கியத்தை விடாமல் வாழ்ந்து பார்த்த உழைப்பே அவரை வேறுபடுத்தியது.

வங்காள நூல்களில் அவரது பேச்சின் சாயல் ஓரளவு காக்கப்பட்டுள்ளது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அவ்வாறு இல்லை. மொழிபெயர்ப்பில் லாட்டு மகராஜ் இலக்கணம் பிசகாமல் பேசுகிறார். அவரது வாக்கியத்தையும் சுவாமிஜியின் வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்தால் நடையில் வேறுபாடு காண்பது அரிது. பாக்பஜாரில் அவர் முன் அமர்ந்த ஒவ்வொருவரும் முதலில் தம் செவி அளித்த தீர்ப்பைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு அந்த முயற்சி இல்லாமலே கருத்து வந்து சேர்ந்துவிடுகிறது. பணிவிடையாளரை 'அவர்' என்று எழுதுவதற்குத் தமிழில் ஒரு விகுதி போதும். ராம்சந்திரரின் நண்பருக்கு அது அத்தனை எளிதாக இருக்கவில்லை.

1912-இல் லாட்டு மகராஜ் காசிக்குச் சென்றார். அங்கும் இரவுகள் தியானத்தில் கழிந்தன. நாட்பட நாட்படப் பேச்சு குறைந்தது. கணுக்காலின் அருகே தோன்றிய சிறு கொப்புளம் புரையோடி அழுகலாயிற்று. கடைசி நாட்களில் நாள்தோறும் அறுவை செய்ய நேர்ந்தது. வலியைக் காட்டும் ஒலி எதுவும் அவரிடமிருந்து எழவில்லை. 1920 ஏப்ரல் 24 அன்று அவர் உடலை நீத்தார். அப்போது காசியில் இருந்த துரியானந்தர், மறைவுக்குப் பின் அந்த முகத்தில் தெரிந்த அமைதியையும் அன்பையும் குறித்துக் கடிதம் எழுதினார். சாத்திரங்களில் ஆழ்ந்த பயிற்சி உடைய அவர், அந்தக் கடிதத்தில் அதிகமாக வர்ணித்தது அந்த முகத்தைத்தான்.